12 லிட்டர்னு போட்டிருந்த டீஹியூமிடிஃபையர் குன்னூர்ல எவ்வளவு எடுக்குது?

குன்னூர்ல இருக்கவங்களுக்கு ஐப்பசி கார்த்திகை எப்படின்னு சொல்லவே வேணாம், வடகிழக்கு மழை பிடிச்சுதுன்னா மிஸ்ட் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துடும், காலைல வாங்கின வர்க்கி சாயங்காலம் நமத்துப் போயிடும். எங்க வீட்ல அம்மாவோட கல்யாணப் பட்டு மடிப்பு மடிப்பா பூசணம் பிடிச்சு வெள்ளைப் பொட்டு விழுந்துடுச்சு, அதே பீரோவுல இருந்த என் பொண்ணோட டென்த் மார்க் ஷீட் ஓரமும் கறுத்துப் போச்சு. அதுவரைக்கும் எல்லாரையும் போல பீரோவுக்குள்ள குண்டு பல்பு எரிய விட்டுதான் ஓட்டிட்டிருந்தோம். அன்னைக்குத்தான் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துத் தண்ணியா டேங்க்ல சேர்க்கற டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

கம்பெனி பேரு போடல. நான் அலசின 5, 6 வெப்சைட்லயும் கிட்டத்தட்ட ஒரே விளம்பர வாசகம்தான். போன அக்டோபர்ல வாங்கினது, ஒரு முழு மழைக்காலம் ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதறேன்.

வெப்சைட்ல முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல "ஒரு நாளைக்கு 12 லிட்டர்", அதுக்குக் கீழ "ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு ஏற்றது". இந்த ரெண்டையும் நம்பித்தான் காசு கட்டினேன். வந்ததும் பெரிய பெட்ரூம்ல வச்சு கதவைச் சாத்தி 24 மணிநேரம் ஓட்டி, டேங்க்ல சேர்ந்த தண்ணிய சமையலறை அளவு ஜாடியில ஊத்தி ஊத்தி அளந்தேன், மொத்தம் 3 லிட்டர் 400 மில்லி. அடுத்தடுத்து 5 நாள் அளந்தும் ஒருநாள் கூட 4 லிட்டரைத் தொடல. காத்துல ஈரம் எத்தனை சதவீதம்னு காட்டற ஹைக்ரோமீட்டர் தப்பா காட்டுதோன்னு அதையும் செக் பண்ணேன், ஒரு பாட்டில் மூடியில உப்பைக் கொஞ்சம் தண்ணி விட்டுச் சேறு மாதிரி குழைச்சு, மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல போட்டு ராத்திரி முழுக்க வச்சா காலைல 75 காட்டணும், என்னுது 77 காட்டுச்சு, பெரிய வித்தியாசம் இல்ல. ரூம் 16 டிகிரி, ஈரம் 88.

கீழ் வீட்டு அண்ணன் கோயம்புத்தூர்ல ஏசி மெக்கானிக்கா இருந்தவர், அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னாடி ஃபில்டரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா காயில் முழுக்க வெள்ளையா ஐஸ். "ஏம்மா, இது சின்ன ஏசி மாதிரிதான். காயில் சில்லுனு இருந்தாதான் காத்துல இருக்கற தண்ணி அதுமேல படியும், நம்ம ஊர்ல காத்தே சில்லுனு இருக்கறதால காயில் ஜீரோவுக்குக் கீழ போய் உறைஞ்சுடுது, அந்த ஐஸை உருக்க மெஷின் அப்பப்ப வேலையை நிறுத்தும், ரிப்பேர்லாம் ஒண்ணுமில்ல"ன்னார். அப்பதான் திரும்ப வெப்சைட்டுக்குப் போய் மேனுவல் பிடிஎஃப்பை இறக்கிப் படிச்சேன். கடைசிக்கு முந்தின பக்கத்து டேபிள்ல 12 லிட்டருக்கு நேரா "30 டிகிரி, 80% ஈரப்பதம்"னு இருக்கு. 18 டிகிரிக்குக் கீழ தண்ணி குறையும்னும் அதுலயே ஒரு வரி. முதல் பக்கத்துல மலைக்கு ஏத்ததுன்னு சொன்ன அதே கம்பெனியோட மேனுவல்தான் இது.

30 டிகிரில 80% ஈரம்னா ஒரு கன மீட்டர் காத்துல கிட்டத்தட்ட 24 கிராம் தண்ணி இருக்கும். என் ரூம்ல இருந்தது 12 கிராம்தான், பாதி. அதுலயும் காயில் உறையற நேரத்தைக் கழிச்சா 12 லிட்டர் எங்கருந்து வரும்? சென்னைல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஓட்டினா அந்த நம்பர் உண்மையாவே வரலாம். அதனால பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அது எங்க ஊர் கிளைமேட்டுக்கான நம்பர் இல்ல, அதை எங்க ஊர் பேரோட சேர்த்துப் போட்டதுதான் எனக்குத் தாங்கல. அமெரிக்காவுல 2019ல டெஸ்ட் பண்ற டெம்பரேச்சரை சுமார் 27 டிகிரில இருந்து 18 டிகிரிக்குக் குறைச்சாங்க, 70 பைண்ட்னு (ஒரு பைண்ட் கிட்டத்தட்ட அரை லிட்டர்) வித்துட்டிருந்த மெஷினுக்கு 50 பைண்ட்னு ஸ்டிக்கர் மாறுச்சு. மெஷின் அதேதான்.

கரண்ட் விஷயம் இன்னும் மோசம். "தினம் வெறும் 5 ரூபாய்"னு போட்டிருக்காங்க. பின்னாடி ஸ்டிக்கர்ல 230 வாட்ஸ், 24 மணிநேரம் ஓட்டினா அஞ்சரை யூனிட், 5 ரூபாயில எப்படி முடியும். 12 லிட்டர்ங்கறது நாள் முழுக்க ஓட்டின கணக்கு, 5 ரூபாய்ங்கறது சில மணிநேரம் ஓட்டின கணக்கு, ரெண்டையும் ஒரே பேஜ்ல பக்கத்துல பக்கத்துல வச்சா படிக்கறவங்க ஒண்ணாதானே சேர்த்துப் பாப்பாங்க? நாங்க ராத்திரி 8 மணிநேரம் ஓட்டறோம், அதுக்கே ரெண்டு மாச பில்லுல 110 யூனிட் ஏறுது, இலவச 100 யூனிட் இந்த ஒரு மெஷினுக்கே போயிடுது.

ஹெப்பா ஃபில்டர்னு ஒரு படம் இருந்தது. ஹெப்பான்னா 0.3 மைக்ரான் தூசில 99.97% பிடிக்கணும், இதுல வந்தது குழாய்ல கழுவற நைலான் வலை, கொசுவலை மாதிரி. உத்துப் படிச்சா "ஹெப்பா டைப்"னு இருக்கு, அந்த "டைப்"ங்கற வார்த்தை வந்தாலே விட்டுடுங்க. ஐஎஸ்ஓ 9001 முத்திரை கம்பெனி நிர்வாகத்துக்குக் குடுக்கறது, மெஷின் நல்லா தண்ணி எடுக்கும்ங்கறதுக்கு இல்ல. கஸ்டமர் ரிவியூல "ஊட்டி வாடிக்கையாளர்"னு சிரிச்சுட்டிருந்த அம்மாவோட படத்தை இமேஜ் சர்ச்ல போட்டா ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துலயும் அதே சிரிப்பு.

கஸ்டமர் கேர்ல கேட்டதுக்கு "மேடம், கண்டிஷன்ஸ் அப்ளைன்னு கீழ போட்டிருக்கோமே"ன்னாங்க. 2022ல வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்ல டிஸ்கிளைமர் பளிச்சுனு கண்ணுல படணும், கிளெய்முக்கு முரணா இருக்கக் கூடாதுன்னே இருக்குன்னு சொன்னேன், லைன்ல சத்தமே இல்ல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் புகார் பதிஞ்சிருக்கேன்.

மெஷின் மேல எனக்குக் கோவம் இல்ல, அதையும் சொல்லணும். சின்ன ரூமா பாத்து, பீரோ இருக்கற அம்மா ரூம்ல வச்சு கதவைச் சாத்தி ஓட்டினா ஈரம் 88ல இருந்து 65க்கு இறங்குது, காலைல டேங்க்ல ஒரு லிட்டருக்கு மேல தண்ணி, சேலைல அந்த மக்கின வாடை போயே போச்சு. கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வாங்கறவங்க 15 டிகிரில எத்தனை லிட்டர்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்புறம் காசு கட்டுங்க. குளிர் ஊருக்குன்னே டெசிகண்ட் வகைன்னு ஒண்ணு இருக்கு, ஈரத்தை உறிஞ்சற பொருளை வச்சு வேலை செய்யறது, சில்லுனு ஆகற காயில் கிடையாது, உறையாது, ரூமும் கொஞ்சம் சூடாகும், ஆனா கரண்ட் இதைவிட அதிகமா இழுக்கும்.

மெஷினுக்கு 3 ஸ்டார். 15 டிகிரி கணக்கைக் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் வந்தா இதுலயே சேர்க்கறேன்.