இஃப்–எல்ஸ் தொடரா, ஸ்விட்ச்சா?

நிரல் எழுதப் பழகுபவர், ஒரு மாறியின் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரின்) மதிப்புக்கேற்ப வெவ்வேறு வேலைகளைச் செய்யவேண்டிய கட்டத்துக்கு வரும்போது, சி, ஜாவா போன்ற மொழிகளில் இஃப்–எல்ஸ் தொடர், ஸ்விட்ச் என இரண்டு வழிகளைக் காண்கிறார். பாடங்களில் இவை அடுத்தடுத்து வந்தாலும், இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. இஃப் ‘இது உண்மையா?’ என்று கேட்கிறது. ஸ்விட்ச் ‘இது இவற்றுள் எது?’ என்று கேட்கிறது.

மதிப்பெண்ணைத் தரமாக மாற்றும் நிரலை எடுத்துக்கொள்வோம். 90 அல்லது அதற்கு மேல், 75 அல்லது அதற்கு மேல், 50 அல்லது அதற்கு மேல் என வரம்புகளாகப் பிரியும் இக்கணக்குக்கு இஃப் தொடரே பொருந்தும். வழக்கமான ஸ்விட்ச்சிலோ 50 முதல் 100 வரை மதிப்புக்கு ஒரு கிளையாக 51 கேஸ்களை எழுதவேண்டியிருக்கும். ஆனால் இஃப் தொடர் மேலிருந்து சோதித்துக்கொண்டே வந்து, முதலில் உண்மையாகும் நிபந்தனையோடு நின்றுவிடுவதால், 50க்கான வரியை முதலில் எழுதிவிட்டால் 95 எடுத்தவருக்கும் கடைசித் தரமே கிடைக்கும். நிரல் தடையின்றி ஓடும். விடைதான் தவறாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராததால், இதைக் கண்டுபிடிக்கப் புதியவர் மிகவும் திணறுவார்.

மாத எண்ணைக் கொடுத்தால் நாள்களைச் சொல்லும் நிரலில் நிலைமை மாறுகிறது. ஸ்விட்ச்சில் 4, 6, 9, 11 ஆகிய நான்கு கேஸ்களையும் அடுக்கி, அவற்றின் கீழ் ஒரே முறை 30 என்று எழுதிவிடலாம். படிப்பவர் கண்ணுக்கும் உடனே புரியும். ஆனால் ஸ்விட்ச்சை விட்டு வெளியேறச் சொல்லும் பிரேக்கை எழுத மறந்தால் நிரலின் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் வழிந்து, 30 என்று வைத்த மதிப்பு அங்கே மாறிவிடக்கூடும். ஜாவாவில் 2020இல் நிலைபெற்ற அம்புக்குறி (->) வடிவ ஸ்விட்ச்சில் இந்தச் சிக்கல் இல்லை.

வேகத்துக்காக ஸ்விட்ச்சைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற அறிவுரை தொடக்கநிலைக்குத் தேவையற்றது. 1991இல் வெளிவந்த பைதான் மொழியில், இதற்கு நிகரான மேட்ச் 2021இல்தான் சேர்ந்தது. அதுவரை முப்பது ஆண்டுகள் இஃப் தொடரே அங்கு இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்தது. ஆகவே முதலில் ஆழமாகக் கற்கவேண்டியது இஃப் தொடரைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதே மாதக் கணக்கில் பிப்ரவரியைச் சேர்த்தாலே இது விளங்கும். நெட்டாண்டா (லீப் ஆண்டா) என்று அறிய ஸ்விட்ச்சுக்குள்ளும் இஃப் வேண்டும். அங்கேயும் 400ஆல் வகுபடுகிறதா என்பதை முதலிலும், 100ஐ அடுத்தும், 4ஐக் கடைசியிலும் சோதிக்கவேண்டும். 4ஐ முதலில் சோதித்தால், 1900ஆம் ஆண்டின் பிப்ரவரிக்கு 29 நாள்கள் வந்துவிடும்.