இலவச நலோக்சோனும் வீட்டுக்கு வந்த நர்ஸும்: நியூ ஜெர்சியில் என் அனுபவம்

எடிசனில் ஒரு மளிகைக் கடையில் ஒன்பது வருஷமாகக் கல்லாவில் நிற்கிறேன். போன மார்ச்சில் ஒரு சாயங்காலம், எங்கள் பார்க்கிங்கில் நின்ற காருக்குள் ஒரு பையன் சாய்ந்து கிடந்தான். இருபது வயதுகூட இருக்காது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். அவசர உதவி எண் 911-ஐ அழைத்தேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. போலீஸ்காரர் ஓடி வந்து அவன் மூக்கில் எதையோ அடித்தார். கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டே கண் திறந்தான். அதுவரை, இவனைப் பெற்றவள் இப்போது எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாளோ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அடித்தது நார்க்கான், அதாவது நலோக்சோன் ஸ்ப்ரே. ஃபென்டனில், ஹெராயின் போன்ற போதை மருந்துகள் மூச்சை நிறுத்தும்போது அதைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து. நியூ ஜெர்சியில் 2023 ஜனவரியிலிருந்து ‘நலோக்சோன்365’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. 14 வயது ஆன யாரும், இதில் சேர்ந்த மருந்துக் கடைக்குப் போய், பெயர் சொல்லாமல், காசு கொடுக்காமல் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கினால் 45 டாலர் பக்கம் ஆகும்.

முதலில் போன கடையில் ஐடியும் இன்சூரன்ஸ் கார்டும் கேட்டார்கள். பெயரே வேண்டாம் என்பதுதானே திட்டம்? சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பின்னால் வரிசையில் நம்மவர்கள் இரண்டு பேர். ‘இவங்க வீட்ல யாருக்கோ’ என்று நினைப்பார்களே என்று எனக்கே முகம் சுட்டது. மகனுக்காக வந்த ஒரு தாயாக இருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவது கடையில் ஐந்தே நிமிஷம். மருந்தாளர் என்னைத் தள்ளி நிறுத்தி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

பெட்டியில் இரண்டு ஸ்ப்ரே. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைக்குத்தான். ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று அழுத்தினால் மருந்து வீண். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நம் விரல் மூக்கில் இடிக்கிற அளவுக்கு முனையை உள்ளே விட்டு, கட்டைவிரலால் அடியை அழுத்த வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் எழவில்லை என்றால் இரண்டாவதை அடுத்த மூக்குத் துவாரத்தில். எழுந்தாலும் விட்டுவிடக் கூடாது. மருந்து 30 முதல் 90 நிமிஷம்தான் வேலை செய்யும், அதனால் 911 கட்டாயம். போதை மருந்தே இல்லாமல் வேறு காரணத்தால் மயங்கியவருக்கு அடித்துவிட்டாலும் கெடுதல் இல்லை. இதையெல்லாம் நான் தமிழிலும், கூட வேலை செய்யும் தோழி குஜராத்தியிலும் எழுதிப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறோம். கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. காரில் வைக்காதீர்கள், வெயிலும் உறைபனியும் ஆகாது.

ஜூனில் தங்கைக்குப் பிரசவம். ‘ஃபேமிலி கனெக்ட்ஸ் என்ஜே’ திட்டத்தில் பதினோராம் நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். 2024 ஜனவரியில் எங்கள் மிடில்செக்ஸ் உட்பட ஐந்து கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொடங்கியது இது. வருமானம், இன்சூரன்ஸ், விசா எதுவும் பார்ப்பதில்லை, இலவசம். குழந்தையை எடை போட்டார், தங்கைக்குத் தையலும் பிரஷரும் பார்த்தார். பிறகு அம்மாவையும் மாப்பிள்ளையையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தங்கை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். தூக்கம் வருகிறதா, வீட்டில் யாரிடமாவது பயமா என்று கேட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதவள் அவரிடம் உடைந்து அழுதாள். பத்து நாளாகத் தூக்கமில்லை, குழந்தையைத் தொடவே பயம். அங்கேயே உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தார் அந்த நர்ஸ். தங்கை சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். இன்று நன்றாக இருக்கிறாள்.

இரண்டையும் ஏன் சேர்த்து எழுதுகிறேன் என்றால், எனக்கு இரண்டும் ஒன்றுதான். சான் டியாகோவில் 17,000-க்கு மேற்பட்டவர்களிடம் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியும், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனமும் நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1998-ல் வந்தன. சின்ன வயதில் அடி, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது என்று எண்ணிக்கை கூடக் கூட, பெரியவர்களான பின் போதையில் விழும் வாய்ப்பும் கூடியது. அந்தக் கார் பையனின் வீட்டுக்கு இருபது வருஷம் முன்னால் இப்படி ஒரு நர்ஸ் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நாடு முழுக்க ஓவர்டோஸ் மரணம், அதாவது போதை மருந்து அளவு மீறிப் போய்ச் சாவது, 2023-ல் ஒரு லட்சத்துக்கு மேல். 2024-ல் 80,000 அளவுக்கு இறங்கியது. இறங்கும்போதுதான் பிடியை விடக் கூடாது. ஆனால் பிள்ளைப்பருவக் காயங்கள், ஓவர்டோஸ் இரண்டையும் தடுக்க மாநிலங்களுக்குப் பணம் தருகிற சிடிசியின் மையத்தையே அமெரிக்க அரசின் 2026 பட்ஜெட் முன்மொழிவு எடுத்துவிடச் சொன்னது. போதையாகும் வலி மருந்துகளை விற்ற கம்பெனிகளின் இழப்பீடாக நியூ ஜெர்சிக்கு 2038-க்குள் நூறு கோடி டாலருக்கு மேல் வரவிருக்கிறது. அதில் ஒரு நல்ல பங்கு இந்த நர்ஸ்களுக்கும் போக வேண்டும் என்று எங்கள் கவுண்டி கமிஷனர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

நலோக்சோன்365-க்கு ஐந்தில் நாலு. அந்த முதல் கடையால் ஒன்று குறைத்தேன். நர்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து. பிரசவமானவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள், இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுவார். அவர் தனியாகப் பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.