ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு வீடு மாற்றித் தந்த லொறிச் சேவை: ஒரு மதிப்பீடு

மலையகத்தில் வாடகை லொறி பிடித்து வீடு மாறுபவர்களில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் கணிசமானவர்கள். ஆண்டு முடிவில் இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தால், ஜனவரியில் புதிய இடத்தில் கடமையேற்க வேண்டியிருக்கும். இந்த அவசரத்தை நம்பித்தான் சில மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். ஆகவே எங்கள் சாமான்களை ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு ஏற்றிச் சென்ற சிறு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது, அவர்களை ஏன் தெரிவு செய்தோம் என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் விளம்பரத்தை விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் முகநூலில் கண்ட ஓர் இலக்கத்துக்கு அழைத்தோம். வீடு எத்தனையாவது மாடி, பாதையிலிருந்து எவ்வளவு தூரம், அலுமாரி எத்தனை என்று எதையும் கேட்காமலேயே, பேசியவர் மற்ற எல்லோரையும் விட மிகக் குறைந்த கட்டணத்தைச் சொன்னார். பாதித் தொகையை அன்றைக்கே ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் வைப்புச் செய்தால்தான் லொறியை ஒதுக்க முடியும் என்றும் சொன்னார். அலுவலக முகவரியைக் கேட்டபோது பதில் மழுப்பலாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்த லொறிப் படங்கள் எல்லாவற்றிலும் வாகன இலக்கம் மறைக்கப்பட்டிருந்தது. பணம் அனுப்ப மறுத்துவிட்டோம்.

முற்பணத்தோடு காணாமற்போவது ஒரு வகை. அதைவிடக் கொடியது, சாமான்களை ஏற்றிய பிறகு தொடங்கும் பேரம். என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்கு இது நடந்தது. பேசிய கட்டணத்துக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள், நானுஓயாவைத் தாண்டுவதற்கு முன்னரே லொறியை ஓரங்கட்டி, பாரம் அதிகம், டீசலுக்கும் சுமை தூக்கும் நாட்டாமிமாருக்கும் மேலதிகமாகப் பணம் தராவிட்டால் இறக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான் முழுவதும் இன்னொருவருடைய லொறியில் இருக்கும்போது யாருக்குத்தான் வாதாட முடியும்? அவர்கள் கேட்டதை ஆசிரியை கொடுத்தார். அங்கு வந்த லொறியும் அவர் பேசிய ஆளுடையதல்ல. ஹயரை எடுத்த தரகர் அதை வேறொருவரிடம் கைமாற்றியிருந்தார்.

நாங்கள் இறுதியில் தெரிவு செய்தவர்கள் தொலைபேசியில் விலை சொல்ல மறுத்தார்கள். எனக்கு அவர்கள் மீது நம்பிக்கை வந்தது அதனால்தான். பொறுப்பாளர் நேரில் வந்தார். எங்கள் குவாட்டர்ஸ் பெரிய பாதையிலிருந்து படியேறிப் போகும் மேட்டில் இருப்பதால், லொறி எங்கே நிற்கும், அங்கிருந்து வாசல் வரை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும், வளைவில் பதினான்கரை அடி லொறி திரும்புமா என்பதையெல்லாம் நடந்து பார்த்தார். பண்டாரவளை வீட்டுப் பாதையின் படங்களையும் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினார். நம் பகுதியில் கட்டணத்தை உண்மையில் தீர்மானிப்பது கிலோமீற்றர் அல்ல, இந்தச் சுமக்கும் தூரமும் பாதையின் அகலமும்தான். பிறகு தகராறு கிளம்பும் இடமும் அதுவே. தோட்டத்துக்குள் இருந்து புறப்படுபவர்கள் லொறி உள்ளே வருவதற்கும் சாமான் வெளியே போவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது அவசியம்.

மறுநாள் கட்டண மதிப்பீடு நிறுவனத்தின் தாளில் வந்தது. லொறியின் அளவு, வாகன இலக்கம், ஆட்களின் எண்ணிக்கை, ஏற்றுகூலி, இறக்குகூலி, எரிபொருள் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. டீசல் விலை மாதாந்தம் திருத்தப்படுவதால் தொகை மாறுமா என்று கேட்டேன். மாறாது என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பமிட்டார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேட்டவுடன் காட்டினார்கள். சிறியதொரு முற்பணத்தை மட்டும் அதே பெயரிலுள்ள கணக்குக்குப் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டும் தந்தார்கள். லொறிக்குரிய காப்புறுதி உள்ளேயிருக்கும் சாமான்களுக்குப் பொருந்தாது என்பதை நான் கேட்பதற்கு முன்பே சொன்னதை அவர்களுடைய நேர்மைக்கு நல்ல சான்றாகக் கருதுகிறேன். பலர் “எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது” என்ற ஒரே வரியில் இதை மூடிவிடுகிறார்கள்.

ஏற்றும் நாளில் ஒவ்வொரு பொருளும் இரண்டு பிரதிகள் கொண்ட பட்டியலில் பதியப்பட்டது. ஏற்கனவே இருந்த கீறல்கள்கூட எழுதப்பட்டன. வந்த லொறியின் இலக்கம் தாளில் இருந்த இலக்கத்தோடு ஒத்துப்போனது. நுவரெலியாவைக் கடந்து ஹக்கலை இறக்கத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஹட்டன் பக்கம் வானம் வெளித்திருந்தாலும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஊவாச் சரிவில் மழை பெய்வது வழக்கம் என்பதை அறிந்து, அவர்கள் முன்னதாகவே தறப்பாளை இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தார்கள். மெத்தைகள் நனையவில்லை.

குறைகளும் உண்டு. லொறி சொன்ன நேரத்துக்கு வரவில்லை, தாமதத்தை முன்கூட்டி அறிவிக்கவும் இல்லை. பாத்திரங்களுக்குத் தந்த அட்டைப்பெட்டிகள் பழையவை. அடிப்பக்கம் பலவீனமாக இருந்ததால் நாங்களே கயிறு கட்ட நேர்ந்தது. கண்ணாடி அலுமாரியின் ஒரு கதவு வெடித்திருந்தது. பட்டியலில் அது நல்ல நிலையில் இருந்ததாகப் பதியப்பட்டிருந்ததால், பேச்சே இல்லாமல் மீதித் தொகையில் கழித்துவிட்டார்கள். கட்டணம் மலிவு என்று சொல்ல முடியாது. என்றாலும் இறக்கி முடிந்தபின் கொடுத்த தொகை, அந்தக் கழிவைத் தவிர, தாளில் இருந்த தொகையேதான். ஐந்துக்கு நான்கு புள்ளிகள் கொடுப்பேன்.

இத்தகைய சேவையில் ஏமாற்றப்பட்டவர்கள் பேசாமல் இருந்துவிடக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். எழுத்தில் சொல்லப்படாவிட்டாலும், உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகவே அது கொள்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபையிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்ய வேண்டும். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் தகவல் பெறலாம். தொகை குறித்த சிறு தகராறுகளை மத்தியஸ்த சபைக்கும் கொண்டுசெல்லலாம். சாமான்களைத் தடுத்துவைத்துப் பணம் கேட்டால் உடனடியாக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் வாகன இலக்கமும் எழுதப்பட்ட கட்டணமும் பற்றுச்சீட்டும் கையில் இல்லாவிட்டால் வழக்கை நிலைநாட்டுவது கடினம்.

ஓர் அறைச் சாமான் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த நிறுவனம் பொருத்தமானதல்ல. நகரத்துத் தரிப்பிடத்தில் பட்டா எனப்படும் சிறிய லொறி ஒன்றைப் பேசிக்கொள்வதே போதும். அப்போதும் கட்டணத்தையும் இறக்கும் இடத்தையும் சாரதியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி, அவர் சம்மதம் என்று பதில் எழுதிய பின்னரே ஏற்றத் தொடங்குங்கள். குடும்பமாக மாறுபவர்கள் இடமாற்றம் உறுதியானவுடனேயே இவர்களிடம் பதிவு செய்துகொள்வது நல்லது. டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு இவர்களிடம் லொறி கிடைப்பது அரிது.