சுண்டைக்காய் கால் பணம், சார்ஜிங் போர்ட் 41,000

கரூர் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, எலெக்ட்ரிக் கார் எடுக்கலாம்னு இருக்கேன். நீ மூணு வருஷமா ஓட்டுற. மழைல சார்ஜ் போட்டா ஷாக் அடிக்காதா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. சர்வீஸ் சென்டரில் 41,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். "நேர்ல வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ரேஞ்ச் எவ்வளவு, பிக்கப் எப்படி என்பதற்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 62,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், அந்த வகையில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. என் பேச்சு முழுக்க ஒரு தொப்பியைப் பற்றித்தான்.

சார்ஜ் போடும் மூடியைத் திறந்தால் இரண்டு அடுக்கு தெரியும். மேலே வட்டமாக ஏழு பின், அது வீட்டில் வருகிற ஏசி கரண்டுக்கு. கீழே தடியாக இரண்டு பின், அது ஹைவேயில் போடும் டிசி ஃபாஸ்ட் சார்ஜுக்கு. நம்மூரில் விற்கிற கார்களில் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்கிற இந்த வகைதான். கீழே இருக்கிற பின் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் தடிமன், கிணற்றுக்குள் தூண் நட்டதுபோல ஒரு பிளாஸ்டிக் குழிக்குள் நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பின்னின் உச்சியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் தொப்பி தெரியும். சுண்டைக்காயில் பாதிகூட இருக்காது. கார் வாங்கி மூன்று வருஷம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

போனது எப்படி? பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். பெருந்துறை தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜர். யாரோ ஒரு புண்ணியவான் பெட்ரோல் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் காரைக் கோணலாக நிறுத்தினேன். கேபிள் எட்டியும் எட்டாமலும் இருந்தது. கேபிள் நுனியில் இருக்கிற டிசி கன் கனம் தெரியும்தானே, ஒரு கையால் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். பிறகு வழக்கம்போல லாக் விழும் 'டக்', சார்ஜும் ஏறியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டேன், ஒரு எரர் வரவில்லை.

வீட்டில் கார் கழுவும்போதுதான் கவனித்தேன். இடது பின்னின் தலையில் கறுப்பு, வலது பின்னின் தலையில் வெள்ளிபோல மினுக்கம். சார்ஜ் போடாமல், கார் ஆஃபில் இருக்கும்போது சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். (தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். என் மனைவி இப்போதும் இதைச் சொல்லித்தான் திட்டுகிறாள்.) இடது குழியில் விரல் நுனி பிளாஸ்டிக்கில் முட்டி நின்றது. வலது குழியில் சில்லென்று உலோகம் பட்டது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தச் சில்லிப்பு முதுகுவரை போனது.

அந்தத் தொப்பியின் முழு வேலையே அவ்வளவுதான், விரல் உலோகத்தில் படக்கூடாது. இதற்கென்று ஒரு சோதனை விரலே வைத்திருக்கிறார்கள். 12 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம், மனித விரல்போலவே மூட்டு வைத்து மடங்கும். அதை எப்படி வளைத்து நுழைத்தாலும் கரண்ட் ஓடும் இடத்தைத் தொடக்கூடாது. ஐபிஎக்ஸ்எக்ஸ்பி என்று அதற்குப் பெயர். ஐ.நா.வின் ஆர்100 விதியிலும் நம் நாட்டு ஏஐஎஸ்-038 விதியிலும் இது இருக்கிறது. ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் டிக்கிக்கும் இன்னும் கடுமை, 1 மில்லிமீட்டர் தடிமனில் 100 மில்லிமீட்டர் நீளக் கம்பியை விட்டுப் பார்க்கிறார்கள். குழந்தை கொண்டை ஊசியை எங்காவது சொருகும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யாரோவை எனக்குப் பிடித்திருக்கிறது. டிசியில் 60 வோல்ட், ஏசியில் 30 வோல்ட், இந்தக் கோட்டைத் தாண்டினால்தான் இத்தனை கெடுபிடியும். பல ஸ்கூட்டர் பேட்டரிகள் 60-க்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. என் கார் 300-க்கு மேல்.

சரி, சர்வீஸ் சென்டர் கதைக்கு வருகிறேன். அட்வைசர் டார்ச் அடித்துப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் டார்ச் அடித்தார்.

"சார்ஜிங் போர்ட் அசெம்ப்ளி மாத்தணுங்க சார்."

"அந்தத் தொப்பி மட்டும் போதுங்களே?"

"அது தனியா வராதுங்க. போர்ட், லாக் மோட்டார், டெம்பரேச்சர் சென்சார், பேட்டரி வரைக்கும் போற ஆரஞ்சு ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரே பார்ட் நம்பர்."

வாரன்டி? வெளியிலிருந்து அடிபட்டதால் கிடையாது. இன்ஷூரன்ஸ்? விபத்து இல்லை என்பதால் கிடையாது. அடிபட்டதுதான், ஆனால் விபத்து இல்லை. இந்த நுணுக்கத்தை யாராவது எனக்கு விளக்கினால் காபி வாங்கித் தருகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்பச்சி சொல்வார். அவர் காலத்தில் சுமைகூலி முக்காலோடு நின்றது.

எனக்குச் சூடு ஏறிவிட்டது. உள்ளே டெக்னீசியனிடமே போய்க் கேட்டேன். சின்னப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். "தம்பி, சார்ஜ் போடாத நேரத்துல இந்தப் பின்னுல கரண்டே இருக்காதே? பேட்டரிக்கும் இதுக்கும் நடுவுல கான்டாக்டர் திறந்துதானே இருக்கும்? அப்புறம் தொப்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இதோட ரெண்டு தடவை சார்ஜே போட்டுட்டேன், நல்லா வேலை செய்யுது."

"வேலை செய்யுதுங்க சார். அதனாலதான் பயம்" என்றான். "கான்டாக்டர் ஒரு நாள் ஒட்டிக்கிச்சுன்னா?"

கான்டாக்டர் என்பது பெரிய சுவிட்ச். கரண்ட் ஓடும்போதே திறந்து மூடினால் பொறி பறந்து, உள்ளே இரண்டு உலோகமும் வெல்டு வைத்ததுபோல ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் ஒவ்வொரு ஃபாஸ்ட் சார்ஜ் முடிவிலும் 'ஒட்டியிருக்கிறதா' என்று காரே சோதித்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு படி இருக்கிறதாம். ஒன்று தவறினால் இன்னொன்று, அதுவும் தவறினால் மூன்றாவதாக வெறும் பிளாஸ்டிக். சாஃப்ட்வேர் தொங்கலாம், சுவிட்ச் ஒட்டலாம். பிளாஸ்டிக்குக்கு அந்த மாதிரி நோய் எதுவும் கிடையாது, என்னைப்போல யாராவது கோணலாக இடித்து உடைத்தால்தான் உண்டு.

"ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடலாமா?" என்று கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ராத்திரி தூக்கம் வராது. சிரித்தான். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் பின், சூட்டில் கழன்று கன்னுக்குள் மாட்டினால் அடுத்து வருகிற ஆளுடைய போர்ட்டும் காலி என்றான். உடைந்த என் தொப்பி எங்கே போனது என்று அப்போதுதான் உறைத்தது. பெருந்துறைக் கன்னுக்குள்தான் கிடக்க வேண்டும். அந்த சார்ஜரின் ஹெல்ப்லைனுக்கு அடித்துச் சொன்னேன். "சார், ஆப்பை ஒருமுறை லாக்அவுட் பண்ணி லாக்இன் பண்ணிப் பாருங்க" என்றார்கள்.

பார்ட் வர 19 நாள் ஆனது. அதுவரை வீட்டு ஏசி சார்ஜ் மட்டும். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய் வந்தோம். பட்டுப்புடவையோடு நின்றுகொண்டே வந்த மனைவி வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் காரின் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

மாற்றிய அன்று கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். அந்தப் பையன் முதலில் ரப்பர் கையுறையை எடுத்தான். வாய்ப் பக்கத்தைச் சப்பாத்தி மாவுபோலச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, காதருகே வைத்து அழுத்தினான். எங்காவது ஊசித் துளை இருந்தால் 'உஸ்' என்று கேட்குமாம். அதன்மேல் தோல் கையுறை. பிறகு பேட்டரியின் ஆரஞ்சு பிளக்கை நெம்பினான், ஆனால் அது ஒரே இழுப்பில் வரவில்லை. பாதி நெம்பியதும் ஒருமுறை நிற்கிறது, அடுத்த அசைவில்தான் கழல்கிறது. அந்த முதல் பாதியிலேயே உள்ளே ஒரு மெல்லிய கம்பி வழி அறுந்து, 'யாரோ கழற்றுகிறார்கள்' என்று காருக்குத் தெரிந்து மெயின் சுவிட்ச் விழுந்துவிடுமாம். பெரிய பின் பிரியும்போது அதில் கரண்ட் ஓடாது. கழற்றிய பிளக்கைத் தன் பேன்ட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டான். வேறு யாரும் தெரியாமல் சொருகிவிடக்கூடாதே. அப்புறம் சும்மா நின்றான். கெபாசிட்டரில் தேங்கியிருப்பது வடிய வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷம். கடைசியில் மல்டிமீட்டர் வைத்துப் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தான். கோபத்தோடு போனவன் அந்த ஐந்து நிமிஷத்தில் கொஞ்சம் தணிந்துவிட்டேன். பில் வந்ததும் பழையபடி ஏறிவிட்டது, அது வேறு.

நண்பன் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொட்டும் ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு சார்ஜ் போட்டிருக்கிறேன். மூன்று வருஷத்தில் ஒரு சுரீர் கிடையாது. எங்கள் வீட்டு போர் மோட்டார் சுவிட்சில் வாங்கியது இதைவிட அதிகம். கன்னைச் சொருகும்போது முதலில் சேர்வது எர்த் பின், கழற்றும்போது கடைசியில் பிரிவதும் அதுதான். காரும் சார்ஜரும் பேச்சுவார்த்தை நடத்தும் சின்னப் பின் இதற்கு நேர்மாறு. கடைசியில் சேரும், முதலில் பிரியும். அது பிரிந்த உடனே சார்ஜர் கரண்டை நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன்னால், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்வரை லாக் விடாது, எவ்வளவு இழுத்தாலும் வராது. டிசியில் பேட்டரியோடு சேர்வதற்கு முன்பே சார்ஜர் ஒருமுறை கேபிளில் வோல்ட்டேஜ் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளும். 'ஸ்டார்ட்டிங்' என்று திரையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாம் திட்டுகிறோமே, நடப்பது அதுதான்.

இந்தக் காரின்மேல் எனக்கு மரியாதை வந்த இடம் பல்லடத்தில் மாமனார் வீடு. 16 ஆம்பியர் பிளக்கில் போர்ட்டபிள் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு லைட். எர்த் இல்லை என்று அடம்பிடித்தது. "இருபது வருஷமா இந்த பிளக்குலதாங்க மாப்ள கிரைண்டர் ஓடுது" என்றார் மாமனார், கொஞ்சம் மனத்தாங்கலோடு. எலெக்ட்ரீசியன் வந்தார். "நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேர்த்துடறேங்க, லைட் பச்சைக்கு வந்துடும்." வந்துவிடும்தான். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். வேண்டவே வேண்டாம் என்று, அடுத்த வாரமே கரி, உப்பு போட்டு புது எர்த் குழி எடுத்தோம், கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் மாட்டினோம். போட்ட மறுநாளே ஆர்சிசிபி விழுந்தது. பார்த்தால் இத்தனை வருஷமும் அந்த கிரைண்டரில் லீக். மாமியார் கைக்கு அவ்வப்போது 'ஜிவ்வென்று' இருந்ததாம், வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக பாதுகாப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துக்குப் பத்து. என் ஆத்திரம் இதுதான்: விரல் படாமல் இருக்க இத்தனை பேர் இத்தனை யோசித்திருக்கிறார்கள், அந்தத் தொப்பியைத் தனியாக மாற்றுகிற மாதிரி ஒருவருக்கு யோசிக்கத் தோன்றவில்லையா? தினமும் இடிபடுகிற இடம், தேய்கிற இடம். ஹவாய் செருப்புக்கே வார் தனியாகக் கிடைக்கிறது. டிசி மூடி என்று ஒரு ரப்பர் துண்டு தொங்குகிறதே, அது இரண்டாம் வருஷமே வாயைப் பிளந்துவிட்டது. கேட்டால் அதுவும் அசெம்ப்ளியோடுதானாம்.

பழைய போர்ட்டைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன், 41,000 கொடுத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தான். ஆரஞ்சு வாலோடு டீபாயில் கிடந்ததை எடுத்து, இரண்டு குழியிலும் மாற்றி மாற்றி விரலை விட்டுப் பார்த்தான்.

"இதுக்கா மாப்ள?"

"இதுக்குத்தான்."

"அப்ப வாங்கலாமா, வேண்டாமா?"

"வாங்காத" என்றேன். இந்த மாதம் கார்டு பில் கட்டும்வரை இதுதான் என் பதில். பிறகு மழை பிடித்துக்கொண்டது. காரில் 14 சதவீதம்தான் இருந்தது, காலையில் ஆபீஸ் போக வேண்டும். அவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான், நான் கன்னை நேராக, மெதுவாக, இரண்டு கையாலும் பிடித்துச் சொருகினேன்.