எண்டோஸ்கோப்பி பிரிவுக்கு ஐந்து நட்சத்திரம், கேஷுவால்டிக்கு ஒன்று

குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாத்திரை அட்டையை வேளைக்கு ஒன்றாகக் கத்தரித்து டப்பாவில் போட்டு வைப்பார், அதில் ஒன்றை உறையோடு அப்படியே விழுங்கிவிட்டார். அண்ணத்தை முழுசாக மூடும் பல்செட் போட்டவர்களுக்கு வாயில் என்ன கிடக்கிறது என்பதே சரியாகத் தெரியாது, அதனால் இது வயதானவர்களிடம் புதிதில்லை, பல்செட்டையே விழுங்கி வருகிறவர்களும் உண்டு.

கேஷுவால்டியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. "உள்ளே போயிருக்கும், உரசின எரிச்சல்தான், வீட்டுக்குப் போங்க" என்றார் டியூட்டி டாக்டர். அப்பாவோ எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழுத்துக்குக் கீழே ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறார்! பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியத் தாளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் விழாது, மீன் முள்ளும் பல நேரம் அப்படித்தான். கேஷுவால்டி டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அடம்பிடித்து நின்ற பிறகுதான் குடல் மருத்துவருக்குப் போன் போனது, அதற்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுக்கலாம் என்று வேறு ஒருவர் கிளம்பிவிட்டார். குடல் மருத்துவர் வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்தினார், பேரியம் நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து, உணவுக்குழாயில் அப்பிக்கொண்டால் பிறகு உள்ளே விடும் கேமராக் குழாய்க்கும் ஒன்றும் தெரியாதாம்.

அவர் வந்தபின் எல்லாமே வேறு மாதிரி. கடைசியாக எப்போது சாப்பிட்டார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, இதயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று அப்பாவையே "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார், எங்களைப் பார்த்து இல்லை. சி.டி. ஸ்கேனில் அட்டை உணவுக்குழாயில் குறுக்காக நிற்பது தெரிந்தது. கூர்மையான பொருள் அங்கே நின்றால் முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், போனால் போகிறது 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் ஒரு பகுதியைத்தான் கேஷுவால்டி தின்றிருந்தது.

வயதைப் பார்த்து மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். எண்டோஸ்கோப் என்ற அந்தக் கேமராக் குழாயின் முனையில் கண்ணாடி போன்ற ஒரு தொப்பியை மாட்டி, அட்டையின் முனைகளை அதற்குள் இழுத்துக்கொண்டு வெளியே எடுத்தார்கள், இல்லாவிட்டால் வரும் வழியெல்லாம் கிழித்துக்கொண்டு வரும். மறுபடியும் குழாயை விட்டு, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், கீறல் மட்டும்தான். எடுத்ததை டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். கட்டைவிரல் நகம் அளவுதான், ஒரு மூலை மட்டும் மடங்கி, நுனியில் லேசாக ரத்தம். மாத்திரை உள்ளே நனையாமல் புத்தம் புதுசாக இருந்தது.

நர்ஸ் பொறுமைசாலி. நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்தில் வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே வரச் சொல்லி இரண்டு தடவை விளக்கினார். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில், ரத்தம் உறையாமல் இருக்க அப்பா எடுத்துவந்து, இதற்காக நிறுத்தி வைத்த மாத்திரையை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று ஒரு வரி இல்லை. திரும்பவும் மாடி ஏறிப்போய்க் கேட்டுத்தான் எழுதி வாங்கினோம். நீங்கள் போனால் கிளம்புவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள், கேஷுவால்டியில் நுழைந்ததுமே குடல் மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.