மாங்கூழ் கண்டெய்னரில் சென்சார் டேக்: மூன்று சீசனுக்குப் பிறகு

கண்டெய்னர் கதவில் போல்ட் சீல் (அறுத்தால்தான் கழலும் இரும்பு ஆணிப் பூட்டு) போட்டுவிட்டால் சரக்கு பத்திரம் என்று நினைப்பவர்கள் கிருஷ்ணகிரி கூழ் ஆலைகளில் இன்னும் இருக்கிறார்கள். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டை அறுத்தால் சீல் அப்படியே இருக்க, கதவு திறந்துகொள்ளும். திரும்ப ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசினால் அடையாளமும் தெரியாது. ஏற்றுமதிக் கண்டெய்னருக்கு 2017 முதல் நடைமுறையில் உள்ள ஆர்எஃப்ஐடி இ-சீலும் (ரேடியோ அலையில் படிக்கும் மின்னணு சீல்) அதைப் படிக்கும் ரீடர் முன்னால் வந்தால்தான் பேசும், நடுரோட்டில் அது ஊமை. இந்தக் குறைக்குத்தான் சென்சார் டேக்: கதவு திறப்பதை உணர்ந்து ப்ளூடூத்தில் சொல்லும் சின்ன பேட்டரிக் கருவி. அதன் வேலை திருடனைப் பிடிப்பதல்ல. கதவு எத்தனை மணிக்கு, எங்கே திறந்தது என்று சொல்வதுதான்.

முதல் சீசன் முழுக்க வீணானதற்குக் காரணம் கேட்வேயை, அதாவது டேக்கின் தகவலை வாங்கி மொபைல் நெட்வொர்க்கில் சர்வருக்கு அனுப்பும் பெட்டியை, டிரைவர் கேபினில் வைத்தது. கண்டெய்னர் இரும்புப் பெட்டி. உள்ளே அட்டைக்கு ஆறு டின், டின்னுக்கு 3.1 கிலோ கூழ். இரும்பு ப்ளூடூத் அலையை மறைக்கும், கூழில் உள்ள தண்ணீர் குடித்துவிடும். அலை கசிவது கதவு ரப்பர் ஓரமாகத்தான். அதனால் கேட்வே டிரெய்லரின் பின்பக்கச் சட்டத்தில், கதவுக்குக் கீழே இருக்க வேண்டும். லாரி பேட்டரி 24 வோல்ட்; 5 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வெர்ட்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ், ஒயரை அறுத்தாலும் ஓடக்கூடிய உள் பேட்டரி மூன்றும் கட்டாயம்.

டேக் இரண்டு போதும். காந்த டேக் வெளியே, ஒரு கதவில் டேக், மறு கதவில் காந்தம். காந்தம் விலகினால் டேக்குக்குள் இருக்கும் சுவிட்ச் திறந்து, கதவு திறந்தது தெரியும். இரும்புக் கதவு காந்தத்தின் வீச்சைக் குறைப்பதால் இரண்டுக்கும் அடியில் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். பள்ளத்தில் கதவு ஆடும்போது பொய் அலாரம் வரும். மூன்று விநாடி தொடர்ந்து திறந்திருந்தால் மட்டும் தகவல் அனுப்பும்படி அமைத்தால் தொல்லை தீரும். காந்த அடிப்பாகம் உள்ள உறையில் மட்டும் இதைப் போடாதீர்கள். அந்தக் காந்தமே சுவிட்சை மூடி வைத்துக்கொள்ளும், கதவு திறந்தது தெரியவே தெரியாது.

இரண்டாவது, உள்ளே கதவோரம் ஒட்டும் ஒளி டேக். கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் தகவல் சொல்லும். இருட்டில் டார்ச் இல்லாமல் திறந்தால் ஏமாறும், ஆகவே இதை மட்டும் நம்பக்கூடாது. ஒட்டும் முன் தூசியைத் துடையுங்கள். மே மாத வெயிலில் சாதாரண இரட்டைப் பக்க டேப் உருகி டேக் கீழே விழும். டேக்குக்கு நாணய வடிவ பேட்டரிகளில் சிஆர்2032 செல்லைவிட, சுமார் நான்கரை மடங்கு கொள்ளளவுள்ள சிஆர்2477 மேல்.

அதிர்வு அலாரத்தை அணைத்துவிடலாம், நம் ரோட்டில் அதற்கு அர்த்தமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய 'இருக்கிறேன்' செய்தி அரை மணி நேரம் வராவிட்டால் டிரைவருக்குப் போன் போடுவது அதைவிடப் பயன். ஆனால் கொச்சி, தூத்துக்குடி லோடு தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும்போது நெட்வொர்க் விட்டுவிட்டு வரும். கேட்வே தகவலைச் சேமித்து, தன் ஜிபிஎஸ் நேரத்தையும் இடத்தையும் அதிலேயே பதித்து அனுப்ப வேண்டும். சர்வருக்கு வந்த நேரத்தை எடுத்தால் கணவாயில் திறந்த கதவு சேலத்தில் திறந்ததாகப் பதிவாகும், திருட்டு வழக்கு அங்கேயே தோற்கும்.

தீராத குறை ஒன்று உண்டு: சீலை உடைக்காமல் ஒளி டேக்கைத் திரும்ப எடுக்க முடியாது, அது கப்பலேறிவிடும். அந்தச் செலவை லோடு கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். வெளி டேக்கைத் துறைமுக கேட்டுக்கு முன்னால் கழற்றி, கேட்வேயோடு கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் பொறுப்பு டிரைவருடையது.