முட்டை எடுப்பு மயக்க மருந்து: கோவை, ஈரோடு மையங்களில் எது தேறும்

ஐவிஎஃப் (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சையில் சினைப்பையிலிருந்து ஊசி வழியாக முட்டை எடுக்க மயக்கம் வேணும். அதற்கு நரம்பில் ஏற்றும் மயக்க மருந்து புரோபோஃபால், கூடவே வலிக்கு ஃபென்டனில். எங்கள் முதல் தேர்வு இதுதானுங்க. எடுப்பே 10–20 நிமிட வேலை. மருந்தை நிறுத்தினால் சீக்கிரம் விழிப்பு வந்துவிடும். ஆனால் புரோபோஃபால் மூச்சை அடக்கும். முட்டை எடுக்கிற டாக்டரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் மையம் வேண்டவே வேண்டாம். தலைமாட்டில் தனி மயக்க மருத்துவரும், வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியும் இருக்கணும். ரத்த ஆக்சிஜனைக் காட்டும் விரல் கிளிப் மட்டும் பத்தாது: கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும்போது மூச்சு நின்றாலும் அதில் காட்டும் அளவு உடனே இறங்காது.

முட்டை வளரும் சிறு பைகள் (ஃபாலிக்கிள்) இரண்டு மூன்றுதான் என்றால், கருப்பை வாயோரம் லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போதும்; ஆனால் சினைப்பையில் குத்தும் வலி முழுசாகப் போகாது. முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியில் (ஸ்பைனல்) வலியில்லை, ஆனால் கால் மரப்பும் சிறுநீர்த் தாமதமும் சில மணி நேரம் நீடிக்கும்.

சாப்பாடு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தணும். விடியக்காலை குடிக்கும் பால் காப்பியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். குடித்ததை மறைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். எடுப்பைத் தள்ளிப்போடவும் வழி குறைவு, முட்டையை முதிரவைக்கும் டிரிக்கர் ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் முட்டை தானே வெளியேறிவிடும்.

மயக்க மருத்துவர் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்குங்க. எடுப்பு முடிந்து கோபி, தாராபுரம் என்று ஊர் திரும்புகிறவர்கள் துணையோடு கிளம்புங்க. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.